எண்ணாமல் விட்ட படி

அம்பிகையின்ர வீட்டு வாசலுக்கு மூண்டு படி. ஆரைக் கேட்டாலும் மூண்டெண்டுதான் சொல்லுவினம். வேலணையில படி வச்சா ஒற்றையாத்தான் வைப்பினம், ஒண்டு, மூண்டு, அஞ்சு. அம்பிகையின்ர அப்பர் மார்க்கண்டு மகளுக்குச் சீதனமாக் குடுக்கவெண்டு அந்த வீட்டைக் கட்டேக்க, மாரி வெள்ளம் உள்ள வராமல் அத்திவாரத்தை நல்லா உயத்தி, மூண்டு படி வச்சு, விறாந்தை போட்டு, முன்கதவுக்குப் பாலை மரத்தில நிலை நிறுத்திக் குடுத்தவர். இருபது வருசமா அந்தப் படியில அவள் தண்ணிக் குடத்தோட ஏறியிருக்கிறாள், வயித்தில பிள்ளையோட ஏறியிருக்கிறாள், தோட்டத்துச் சேத்துக் காலை முதல் படியில உரஞ்சிப்போட்டு ஓடி ஏறி அடுப்பைப் பாத்திருக்கிறாள். ஒருநாளும் எண்ணினதில்லை.

இப்ப எண்ணுறாள். அண்ணன் தியாகலிங்கம் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கேக்க, அவற்ர தோளில முகத்தை வச்சுக்கொண்டு எண்ணுறாள். ஒண்டெண்டேக்க அவருக்கு மூச்சு வாங்கும். இரண்டெண்டேக்க "அம்மாளாச்சி" எண்டுவார். மூண்டில முழங்கால் மடங்கும், பிறகு வாசல் முத்தத்தில நிண்டு, ஒழுங்கையால போறவைக்கும் கேக்கிற மாதிரி, "இடுப்பு விட்டுப் போச்சு" எண்டுவார்.

நல்ல மனுசன்தான். ஆனா தூக்கின ஒவ்வொரு தரமும் தூக்கினது ஊருக்குத் தெரியோணும்.

நடந்தது இதுதான். எழுபத்திநாலாம் ஆண்டு வைகாசியில, வேலி அடைக்க ஓலை ஏத்திக்கொண்டு வந்த மாட்டு வண்டில்ல, ஓலைக்கு மேல குந்தியிருந்து வந்தவள் அம்பிகை. ஒழுங்கை முடக்கில சில்லு ஒரு கல்லில ஏறி இறங்கிச்சுது. ஓலைக் கட்டு சரிஞ்சுது, அவளும் சரிஞ்சாள். விழுந்தவள் எழும்பப் பாத்தாள். இடுப்புக்குக் கீழ ஆரோ வேற ஆளின்ர கால் மாதிரிக் கிடந்துது. அஞ்சு மாசம் ஆசுப்பத்திரி. ஐப்பசி மழையோட வீட்டுக்குக் கொண்டு வந்து கட்டில்ல போட்டவை. அப்ப அவளுக்கு முப்பத்தொன்பது வயசு.

அவளின்ர தோட்டம் படலைக்கு நேர எதிர, ஒழுங்கைக்கு அங்கால. ஆறு பரப்புக் காணி, செம்பாட்டு மண்ணில்லை, கண்டபடி தண்ணி குடிக்கிற மணல் மண், ஆனா கவனமாப் பாத்தா புகையிலை யானைக் காது மாதிரி விரியும். புருசன் நடராசாவுக்குத் தெற்கில காலிப் பட்டினத்தில கடை. பொங்கலுக்கும் கோயில் கொடியேத்தத்துக்கும் வாறவர், மிச்ச நாள் கடதாசி. கன்று நட்டது, பாத்தி பாத்தியாத் தண்ணி மாறினது, நுனி முறிச்சது, புகை போட்டது, எல்லாம் அம்பிகைதான்.

விழுந்ததுக்குப் பிறகு வந்த போகம், அவள் உள்ளுக்குக் கிடந்து சத்தத்திலதான் தோட்டம் செய்தவள். கிணத்துத் துலா கிறீச்சிடுற சத்தத்தில எத்தினை பட்டை தண்ணி போச்செண்டு தெரியும். "அண்ணை, வாய்க்கால் வாயை மாறுங்கோ, கீழ்ப் பாத்தி நிரம்பி வழியுது!" எண்டு கட்டில்ல கிடந்து கத்துவாள். ஒழுங்கை தாண்டிக் கேக்காது. பங்குனியில இலை முறிச்சுக் கொண்டு வந்து காட்டினவர் தியாகலிங்கம். அவள் இரண்டு விரலால பிடிச்சுப் பாத்தாள்.

"இதென்ன அண்ணை, கடதாசி மாதிரி."

"நான் என்ன செய்ய, நீ சொன்ன மாதிரித்தான் விட்டனான்."

"நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதே?"

அதோட அவர் ஒரு கதை துவங்கினார். "இஞ்ச பார் தங்கச்சி, எனக்கு என்ர தோட்டமும் கிடக்கு. உனக்கு இனித் தோட்டம் என்னத்துக்கு? குத்தகைக்குக் குடுத்திட்டு ஆறுதலா இரு. கார்த்திகையில கன்று நட முந்தி ஒரு முடிவு சொல்லு."

முடிவு அவளுக்கு அப்பவே இருந்துது. கார்த்திகையில தான் தோட்டத்தில நிக்கோணும். நிக்க ஏலாட்டி இருக்கோணும்.

ஆவணியில சில்லுக் கதிரை வந்துது. ஏதோ ஒரு ஆசுப்பத்திரியில கழிச்சு விட்டதை நடராசா தேடி எடுத்து, ரயிலில போட்டு அனுப்ப, யாழ்ப்பாணத்தில இறங்கி, பண்ணைப் பாலத்தால பஸ்ஸின்ர கூரையில வந்துது. இரும்புக் கதிரை, இரண்டு பக்கமும் பெரிய சில்லு, முன்னால இரண்டு சின்னச் சில்லு. ஊரே பாக்க வந்துது. நடராசாவின்ர தமக்கை இலட்சுமிப்பிள்ளை முதல் ஆளா வந்தா. பக்கத்து வளவு அவவுக்கு. வந்து கதிரையை ஒரு சுத்துச் சுத்திப் பாத்திட்டு, "ஆர் ஆர் இருந்து செத்த கதிரையோ, வீட்டுக்குள்ள ஏத்தாதையுங்கோ, விறாந்தையில கிடக்கட்டும்" எண்டா.

அப்பிடியே விறாந்தையில கிடந்துது. காலமையில தியாகலிங்கமும் அம்பிகையின்ர மகள் சத்தியபாமாவும் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து அதில இருத்துவினம். விறாந்தை இருபதடி. அந்த இருபதடிக்குள்ள அவள் மூண்டு நாளில சில்லை உருட்டப் பழகிட்டாள். நாலாம் நாள் படி விளிம்பில கொண்டு போய் நிப்பாட்டிப் போட்டு, கீழ பாத்துக்கொண்டே இருந்தாள்.

"பாமா, அல்லைப்பிட்டி மேசன் பிலிப்புவை வரச்சொல்லி ஆளனுப்பு. வாசலுக்குச் சரிவு கட்டோணும்."

இலட்சுமிப்பிள்ளைக்கு இது வேலியால கேட்டிட்டுது. உடன வந்திட்டா, கையில உரிச்ச வெங்காயத்தோட.

"சரிவோ? முன்வாசல்லயோ? ஏன், குசினிப் பக்கம் ஒரு படிதானே. இரண்டு கடகம் மண்ணைக் கொட்டினாச் சரி."

"குசினியால போனா கோடிப்பக்கம் சேறு மச்சாள். மாட்டுக் கொட்டில், சாம்பல் கும்பி. சில்லு புதையும்."

"புதைஞ்சா ஆரும் தள்ளிவிடுவினம்."

"ஆரும் தள்ளாமல் போகத்தான் மச்சாள் கேக்கிறன்."

"எடியே, நாளைக்குப் பாமாவுக்குக் கலியாணம் பேசி வருவினம். வாற சனம் முதல்ல என்னத்தைப் பாக்கும்? வாசலைப் பாக்கும். தாய் ஏலாதவள் எண்டு பந்தல் போட்டுச் சொல்லோணுமே?"

"ஏலாதவளெண்டு இப்பத்தான் சொல்லினம். சரிவு கட்டினா ஏலுமெண்டு சொல்லுவினம்."

இலட்சுமிப்பிள்ளை வெங்காயத்தை மடியில போட்டா. "நடராசாவுக்கு எழுதுறன்" எண்டா.

எழுதினவவும்தான். பத்து நாளில நடராசாவின்ர கடதாசி வந்துது. பாமா விறாந்தையில நிண்டு வாசிச்சாள். "வாசலை உடைக்கிற அலுவலை நான் பொங்கலுக்கு வந்தாப் பிறகு ஆறுதலாப் பாப்பம். அக்காவைக் கேட்டு நட."

"இன்னொருக்கா வாசி" எண்டாள் அம்பிகை. பாமா வாசிச்சாள்.

"சரி, மறுமொழி எழுது. இஞ்சை எல்லாரும் சுகம். மழை இன்னும் இல்லை. சரிவு கட்டத் துவங்கிட்டம்."

"எங்கையம்மா துவங்கினது? பிலிப்பு இன்னும் வரேல்லையே."

"கடதாசி காலிக்குப் போய்ச் சேரமுந்தி வந்திடுவார். எழுது."

பிலிப்பு வந்தார். வழக்கப்படி படலையால வந்து, வீட்டைச் சுத்தி, குசினிப் பக்கம் நிண்டு "அக்கா" எண்டு கூப்பிட்டார். மேசன் வேலைக்கு வாறவர், ஓலை கொண்டு வாறவர், மீன் கொண்டு வாறவர் எல்லாருக்கும் அந்த வீட்டில பின்வாசல்தான்.

"முன்னால வாரும் பிலிப்பு, நான் விறாந்தையில இருக்கிறன்."

முன்னால வந்து படியைப் பாத்தார், கதிரையைப் பாத்தார், தலையைச் சொறிஞ்சார். "பின்பக்கத்தால எண்டா ஒரு நாள் வேலை அக்கா."

"நீரும் துவங்காதையும். பின்பக்கத்தால போக எனக்கு விருப்பமில்லை."

"நான் இருபது வருசமாப் பின்பக்கத்தாலதானே அக்கா வாறன்," பிலிப்பு சிரிச்சுக்கொண்டுதான் சொன்னார். "ஒண்டும் செத்துப் போகேல்லை."

அம்பிகைக்கு முகத்தில அடிச்ச மாதிரிப் போச்சுது. அவரைப் பின்னால வரச்சொல்லி முதல்ல காட்டினது ஆர்? அவள்தான். புதுப்பொம்பிளையா வந்த வருசம், கிணத்துக் கட்டுக் கட்ட வந்த மனுசனுக்குக் கையை நீட்டி, "அங்கால" எண்டவள்.

"நீர் சரிவைக் கட்டும்," எண்டாள். "கட்டினாப் பிறகு இரண்டு பேரும் முன்னாலதான் வாறது."

அதுக்குள்ள தியாகலிங்கம் இடையில விழுந்தார். என்னத்துக்குக் கல்லு, சுண்ணாம்பெண்டு மினக்கெடுவான், பழைய வள்ளத்துப் பலகை இரண்டு தன்ர வளவில கிடக்கு, படிக்கு மேல போட்டா விசயம் முடிஞ்சுது எண்டார். கொண்டு வந்து போட்டவர். அம்பிகை சில்லை உருட்டினாள். பலகை குத்தெண நிண்டுது. கதிரை ஓடேல்லை, விழுந்துது. தியாகலிங்கம் முன்னால நிண்டு மறிச்சபடியால் இரண்டு பேரும் மல்லிகைப் பந்தலுக்குள்ள கிடந்தவை. அவருக்கு முழங்கை உரஞ்சுப்பட்டுது. அவளுக்கு நெத்தியில கீறல்.

"சொன்னனான் கேட்டியளே!" எண்டு வேலிக்கு அங்கால இருந்து இலட்சுமிப்பிள்ளை.

அம்பிகை மல்லிகைக்குள்ள கிடந்தபடியே சொன்னாள், "அண்ணை, பலகையைக் கழட்டி முத்தத்தில போடுங்கோ. பிலிப்பு, ஒரு நுனிக்குக் கீழ கல்லு வையும்."

இது ஒருத்தருக்கும் விளங்கேல்லை. அவள் செய்தது இதுதான். எட்டு முழப் பலகை இரண்டையும் நிலத்தில பக்கத்தில பக்கத்தில போட்டு, ஒரு நுனியை நாலு விரல் உயத்தச் சொன்னாள். கதிரையில இருந்து தன்ர கையால உருட்டி ஏறினாள். லேசு. இன்னும் நாலு விரல். ஏறினாள். ஒரு சாண் உயரத்தில கை நரம்பு புடைச்சுது, ஆனா ஏறினாள். ஒன்றரைச் சாணில பாதியில நிண்டு கதிரை பின்னால வந்துது.

"சரி. ஒரு சாணுக்கு எட்டு முழம். படி மூண்டும் சேத்து எத்தினை சாண்?"

பிலிப்பு அளந்தார். "இரண்டரை."

"அப்ப இருபது முழம்."

"இருபது முழமோ? அக்கா, அது படலைக்குப் போயிடும்!"

"படலைக்குத்தானே போகோணும்."

இலட்சுமிப்பிள்ளைக்கு இனி வேலியால கதைக்க ஏலாமல் போச்சு. நேர வந்திட்டா. "முத்தம் முழுக்க றோட்டுப் போடப் போறியே? கோலம் போடுறது எங்கை? பொங்கிறது எங்கை?"

"றோட்டுக்குப் பக்கத்தில பொங்குவம் மச்சாள்."

"இது என்ர தம்பியின்ர வீடு!"

அம்பிகை ஒருக்கா மூச்சு விட்டாள். "பாமா, அலுமாரியில மேல் தட்டில வீட்டுச் சீதன உறுதி கிடக்கு. எடுத்து வந்து மாமிக்கு வாசிச்சுக் காட்டு. ஆற்ர பேரெண்டு அவ மறந்து போனா."

பாமா அசையேல்லை. மாமிக்கு முன்னால உறுதியை விரிக்கிற வீம்பு அவளுக்கு இல்லை. அவள் எடுக்கவும் தேவைப்படேல்லை. இலட்சுமிப்பிள்ளை சீலைத் தலைப்பை உதறிக்கொண்டு போயிட்டா. சீதன வீடு பொம்பிளையின்ர வீடெண்டு அவவுக்குத் தெரியாதே? அவவின்ர வீடும் அவவின்ர பேரிலதான்.

புரட்டாதி முழுக்க வேலை நடந்துது. மண்கும்பானில இருந்து இரண்டு வண்டில் மணல். கல்லு வளவுக்குள்ளயே கிடந்துது, தோண்டுற இடமெல்லாம் கல்லுத்தானே எங்கட ஊரில. சீமெந்து எடுக்கிறது அப்ப லேசில்லை, அதால அடிக்குச் சுண்ணாம்பு, மேல பூசத்தான் சீமெந்து. பிலிப்பு சுண்ணாம்பைத் தண்ணி ஊத்தி நீத்திப் போட்டா முத்தம் முழுக்க வெக்கை வீசும். பாமா கல்லுப் பொறுக்கிக் குடுத்தாள், தண்ணி அள்ளிக் குடுத்தாள். கோதுமை மாத் தட்டுப்பாட்டுக் காலம், பாணைக் கண்ணால காணக் கிடைக்காது. மத்தியானத்துக்கு அவிச்ச மரவள்ளிக் கிழங்கும் இடிச்ச சம்பலும், வெள்ளி தவிர்ந்த நாளில திருக்கைச் சொதி. பிலிப்புக்குத் தேத்தண்ணி குடுக்கிறதுக்கெண்டு குசினிச் சுவரில ஒரு தகரப் பேணி கொழுவிக் கிடக்கும். ஒரு நாள் பாமா அதை எடுக்கப் போக, "அதை விடு, எங்கட மூக்குப் பேணியில ஊத்து" எண்டாள் அம்பிகை. பிலிப்பு வாங்கேக்க ஒருக்காப் பேணியைப் பாத்தார், ஒருக்கா அவளைப் பாத்தார், பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடிச்சார்.

சரிவு காயவெண்டு ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டு மூடினவை. எட்டாம் நாள் காலமை சாக்கை எடுத்தாப் பிறகு அம்பிகை விறாந்தை விளிம்புக்கு வந்தாள். தியாகலிங்கம் பின்னால பிடிக்க வந்தார்.

"விடுங்கோ அண்ணை."

"விழுந்தியெண்டா..."

"விழுந்தா மல்லிகைப் பந்தல் இந்தமுறை தள்ளித்தானே கிடக்கு. விடுங்கோ."

விட்டார். அவள் உள்ளங்கையால சில்லை உரசி உரசி இறக்கினாள். பாதி தூரத்தில ஒரு கோழி குறுக்க ஓடிச்சுது. படலையடிக்குப் போய் நிண்டாள். பிறகு திரும்பி ஏறினாள். வேர்த்து ஒழுக, பல்லைக் கடிச்சுக்கொண்டு, இருபது முழம். விறாந்தைக்கு வந்து சேர பாமா கை தட்டினாள். பிலிப்பு குருசு போட்டுக்கொண்டார். பதினேழு மாசத்துக்குப் பிறகு ஒருத்தரும் தூக்காமல் அவள் தன்ர வீட்டுக்கு ஏறினது அப்பதான்.

அந்த வேகத்தோட, தண்ணி குடிக்க உள்ள போவமெண்டு கதிரையைத் திருப்பி முன்கதவுக்கு விட்டாள்.

டக்.

சின்னச் சில்லு இரண்டும் நிலையின்ர கீழ்க்கட்டையில இடிச்சு நிண்டுது.

எல்லாரும் பாத்தவை. பாலை மரம், அஞ்சு விரல் உயரம், இருபது வருசமாக் கால் தாண்டித் தாண்டி, ஆனா கால் படாமல், எண்ணெய் வச்ச மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்துது. அந்தக் கட்டை அங்கை கிடக்கெண்டு அப்பதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்த மாதிரி. அதை ஒருத்தரும் படியெண்டு எண்ணுறேல்லை. நிலையில மிதிக்கக் கூடாது, லெட்சுமி இருக்கிற இடம், நடக்கத் துவங்கின பிள்ளைக்கு முதல் பழக்கிறதே அதுதான். பிறகு வாழ்க்கை முழுக்கக் கால் தன்பாட்டில தூக்கித் தாண்டிப் போகும், தலைக்குத் தெரியாது. அளந்த பிலிப்பு அளக்கேல்லை. தியாகலிங்கம் ஒவ்வொரு நாளும் அவளைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டினவர், அவரும் நினைக்கேல்லை. அம்பிகையும் நினைக்கேல்லை.

"கட்டில்ல இருந்து இதுவரைக்கும் தூக்கினாச் சரிதானே," தியாகலிங்கம்தான் முதல்ல வாய் திறந்தார். "காலமை ஒருக்காத் தூக்கி வெளியில விடுறன். பின்னேரம் ஒருக்காத் தூக்கி உள்ள விடுறன். இதுக்கு மேல என்ன வேணும்?"

"மாட்டையும் அப்பிடித்தான் அண்ணை அவிட்டுக் கட்டுறது."

அவர் ஒரு அடி பின்னால போய் நிண்டார்.

"இரண்டு பக்கமும் பலகை சாத்திப் பாப்பமே அக்கா," எண்டார் பிலிப்பு. சாத்திப் பாத்தவை. ஏறின கதிரை கட்டைக்கு மேல வயிறு முட்டி ஆடிக்கொண்டு நிண்டுது. அதைப் பாக்கவெண்டே வந்த மாதிரி இலட்சுமிப்பிள்ளை படலையைத் திறந்துகொண்டு வந்தா. "ஐயோ கடவுளே! தெருவில உருண்ட சில்லு நிலைக்கு மேல!"

"மிதிக்கவும் கூடாதெண்டா வெட்டத்தான் மச்சாள் வேணும்," எண்டாள் அம்பிகை, அந்தரத்தில ஆடிக்கொண்டு.

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கிச்சுது, தான் அதைத்தான் செய்யப் போறாளெண்டு.

ஆசாரியைக் கூப்பிட்டவை. அவர் வந்து நிலையைத் தொட்டுக் கும்பிட்டிட்டு, நிறுத்தின நிலையை அறுக்கிறது தன்ர கையால நடக்காது எண்டிட்டு, குடுத்த தேத்தண்ணியும் குடிக்காமல் போயிட்டார். தியாகலிங்கம் வாளைத் தொடமாட்டன் எண்டார். பிலிப்புவைக் கேட்டாள்.

"கல்லு மண்ணெண்டாச் செய்வன் அக்கா. நான் வேதக்காரன், உங்கட நிலையில கை வச்சா, நாளைக்கு இந்த ஒழுங்கையில ஒரு கோழி செத்தாலும் பிலிப்பு எண்டுவினம்." சாமானைச் சாக்குக்குள்ள போட்டுக் கட்டினார். கட்டினவர் போற நேரம் திரும்பி நிண்டு, "என்ர கைவாளையும் உளியையும் விறாந்தை மூலையில மறந்து விட்டிட்டுப் போறன். ஞாயிறு பூசை முடியத்தான் எடுக்க வருவன்" எண்டார்.

அடுத்த நாள் வெயில் ஏற முந்தி, அம்பிகை கட்டில்ல இருந்து தன்னை நிலத்தில இறக்கினாள். ஒரு சாக்கில இருந்துகொண்டு, கையை ஊண்டி ஊண்டி, காலை இழுத்துக்கொண்டு நிலையடிக்குப் போனாள். நிக்கிற ஆள் அந்தக் கட்டையை அறுக்கிறதெண்டாக் குனிஞ்சே முதுகு முறியும். நிலத்தில இருக்கிறவளுக்கு அது நேர நெஞ்சுக்கு முன்னால கிடந்துது. "பாமா, வாளை எடுத்துத் தா."

பாமா தரேல்லை. "அம்மா, ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் என்னைத் தூக்கினதே? மாமன்தான் தூக்கினவர். அவருக்கும் இடுப்பு ஏலாது. நீ கட்டிப் போனாப் பிறகு நான் ஆரைக் கூப்பிட்டுக் கத்துறது? எடு."

பாமா எடுத்துக் குடுத்திட்டு, குசினிக்குள்ள போய் அழுதாள்.

பாலை மரம் லேசில அறுபடாது. இரும்பு மாதிரி. முதல் நாள் முழுக்க அறுத்து ஒரு பக்கத்தில இரண்டு விரல். வாள் பிடிச்சுக்கொள்ளும், இழுக்க ஏலாது, விட ஏலாது. உள்ளங்கை பொக்களிச்சுது. துலாக் கயிறு பிடிச்ச கை, புகையிலைப் பால் ஊறின கை, ஒரு வருசம் சும்மா கிடந்து மெலிஞ்சு போச்செண்டு அவளுக்கு ஆத்திரம். இரண்டாம் நாள் மத்தியானம் வாளுக்கு மேல எண்ணெய் ஒழுகிச்சுது. நிமிந்து பாத்தாள். பாமா தேங்காயெண்ணெய்ப் போத்திலோட குந்திக்கொண்டிருந்தாள். கண் வீங்கிப் போய் இருந்துது. "மற்றப் பக்கமும் ஊத்தட்டே?" எண்டாள்.

அந்தப் பின்னேரம் இலட்சுமிப்பிள்ளை தியாகலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்தா. "அறுக்கிறாள், பாத்துக்கொண்டு நிக்கிறீர்! உம்மட அப்பர் நிறுத்தின நிலை!"

தியாகலிங்கம் வந்து வாள் பிடியில கை வச்சார். "விடு தங்கச்சி. காணும்."

"வாளை விடுங்கோ அண்ணை."

"விசரே உனக்கு? அப்பர் எங்களுக்கு வச்ச..."

"அப்பர் எனக்கு வச்சவர். நான் உள்ளுக்குக் கிடந்து புழுக்கவோ வச்சவர்? நீங்கள் வாளைக் கொண்டு போனா உளியால கொத்துவன். உளியைக் கொண்டு போனா பல்லால கடிப்பன். பிறகு நிலை வடிவாயிராது, சொல்லிப்போட்டன்."

அவர் அவளின்ர கையைப் பாத்தார். வாள் பிடியில ரத்தம் காய்ஞ்சு கிடந்துது. கையை எடுத்திட்டார். ஆனா போகேல்லை. விறாந்தைச் சுவரோட சாஞ்சுகொண்டு நிண்டார்.

மூண்டாம் நாள் இரண்டு பக்கமும் அறுபட்டுது. உளியை நடுவில வச்சுப் பாமா அடிக்க, கட்டை பெயர்ந்து வந்துது. கீழ ஒரு சின்னக் குழி. உக்கிப் போன மஞ்சள் துணி. துணிக்குள்ள கறுத்துப் போன நவதானியம், ராசா தலை போட்ட ஒரு வெள்ளிக் காசு, ஒரு நெல்லளவு பொன்.

இலட்சுமிப்பிள்ளை கன்னத்தில போட்டுக்கொண்டா. "அள்ளி எடுக்கப் போறாள்" எண்டு வாய்க்குள்ள சொன்னா, ஆனா எல்லாருக்கும் கேட்டுது.

அம்பிகை தொடேல்லை. அண்ணனைப் பாத்தாள். அவர் முழங்காலில இருந்து அந்தக் குழியைப் பாத்துக்கொண்டிருந்தார். "அப்பர் வைக்கேக்க துணி பிடிச்சது நான்தான்," எண்டார்.

"இப்பவும் நீங்களே வையுங்கோ. நான் ஒண்டும் எடுக்கேல்லை அண்ணை. உயரத்தை மட்டும்தான் எடுத்தனான்."

அவர் கொடியில காஞ்ச புதுத் துவாயில ஒரு துண்டு கிழிச்சு, எல்லாத்தையும் அதில முடிஞ்சு, திரும்பக் குழியில வச்சார். ஞாயிறு பூசை முடிஞ்சு வாள் எடுக்க வந்த பிலிப்பு, மறக்காமல் ஒரு பையில சீமெந்தும் கொண்டு வந்திருந்தார். படலையால வந்து சரிவில நடந்து முன்னாலதான் வந்தார். நிலத்தோட நிலமாப் பூசி விட்டார்.

ஐப்பசி மழை கொட்டி, கார்த்திகை பிறந்து, கன்று நடுற நாளும் வந்துது. விடியக் கட்டில்ல இருந்து கதிரைக்குத் தானே மாறினாள். கட்டிலும் கதிரையும் ஒரே உயரம். கதவால போய், விறாந்தையால போய், சரிவால இறங்கி, படலையைத் தானே திறந்து, ஒழுங்கையைக் குறுக்க வெட்டித் தோட்டத்துக்குள்ள போய் நிண்டாள். ஈரமண் மணந்துது. தியாகலிங்கம் வாய்க்காலில மண்வெட்டியோட நிண்டார்.

"அண்ணை, வாய் மாறுங்கோ. கீழ்ப் பாத்தி நிரம்பி வழியுது."

"ஓம், கேக்குது, கேக்குது," எண்டார் அவர். "ஏன் கத்துறாய்?"

அந்தக் கிழமை வெள்ளியில பாமாவுக்குப் பேசி, அனலைதீவில இருந்து நாலு பேர் வந்தவை. இலட்சுமிப்பிள்ளைதான் கூட்டிக்கொண்டு வந்தா, பட்டுச் சீலையோட, முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு. அம்பிகை உள்ளுக்கு, கதவுக்கு நேர, கதிரையில இருந்தாள். அவளை ஒளிச்சு வைக்கிற கதையை அவள் எடுக்கவே விடேல்லை. சேத்துச் சில்லைக் கூடத் துடைக்கேல்லை, தோட்டத்தால இப்பத்தான் வந்தவள்.

வந்த பெரியவர் கதவடியில வந்தார். வலக் காலை நல்லா உயத்தித் தூக்கி, ஒண்டுமில்லாத இடத்தைத் தாண்டி உள்ள வச்சார். பின்னால வந்தவர் குனிஞ்சு தன்ர சால்வையைப் பிடிச்சுக்கொண்டு தாண்டினார். மற்ற இரண்டு பேரும் தாண்டினவை. கடைசியா இலட்சுமிப்பிள்ளை. அறுபட்டதைக் கண்ணால கண்டவ, கட்டை பெயர்ந்ததையும் நிண்டு பாத்தவ, சீலைக் கொய்யகத்தை இரண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சு, காலை முழங்கால் மட்டும் உயத்தி, காத்தைத் தாண்டி வந்தா.

அம்பிகைக்குச் சிரிப்பு அடக்க ஏலேல்லை. "என்ன மச்சாள், என்னத்தைத் தாண்டுறியள்?"

இலட்சுமிப்பிள்ளை குனிஞ்சு பாத்தா. கால் அங்கையே நிண்டு போச்சு. வந்த பெரியவரும் திரும்பிப் பாத்தார். நிலத்தைப் பாத்தார், கதிரையைப் பாத்தார், வெளியில படலை வரைக்கும் போற அந்த இருபது முழத்தைப் பாத்தார்.

"தண்ணி மாறுற நேரம்," எண்டாள் அம்பிகை. "கதைச்சுக்கொண்டிருங்கோ. பாமா, தேத்தண்ணி குடு. நான் இப்ப வந்திடுவன்."

சில்லைத் திருப்பினாள். அவை வழி விட்டவை. எல்லாரும் காலைத் தூக்கின இடத்தால அவள் ஒரு சத்தமும் இல்லாமல் போனாள்.